படிப்பு மேசை, பெஞ்சு, புத்தக அலமாரி: வீட்டிலேயே செய்ய எந்த மரம், என்ன பூச்சு?

கரிசல் செல்வி, சாத்தூர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு போகப் போகிறான். இரண்டு பேரும் தரையில் குனிந்தபடிதான் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். பெரியவளுக்கு இப்போதே கழுத்து வலிக்கிறது என்கிறாள். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, புத்தகம் அடுக்க ஒரு அலமாரி, மூன்றும் ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேண்டும். மொத்தமே பத்தாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும்.

கையில் இருப்பதைச் சொல்கிறேன். மாமனாருடைய பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது இறக்கிய சட்டங்கள் பத்துப் பன்னிரண்டு, ஒரு ஜோடி கதவு (பச்சை பெயின்ட் அடித்தது) மாட்டுக்கொட்டகையில் கிடக்கின்றன. தேக்கு என்று மாமனார் சொல்கிறார், நிச்சயமாகத் தெரியவில்லை. ஐப்பசி மழையில் சாய்ந்த வேப்பமரம் ஒன்றும் கொல்லையில் தடியாகவே இருக்கிறது. டிரில் மெஷின், கை ரம்பம், சுத்தியல் உண்டு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கை கொடுப்பார். மற்றபடி வேலை செய்யப் போவது நான்தான். பல வருஷமாகத் தையல் தொழில், அளவெடுப்பதும் பிசகாமல் வெட்டுவதும் கைக்குப் பழகிய விஷயம். எதை வைத்து எதைச் செய்யலாம்? கடைசியில் என்ன பூசினால் பிள்ளைகளுக்கும் கெடுதல் இல்லாமல், மேசையும் நிற்கும்?


மாடிவீடு, சென்னை:

சகோதரி, மனசு கோணாமல் கேளுங்கள். ஆன்லைனில் படிப்பு மேசை மூவாயிரத்துக்கே கிடைக்கிறது. பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். ரம்பம், உளி, க்ளாம்ப், உப்புத்தாள், பாலிஷ் என்று வாங்க ஆரம்பித்தால் அதற்கே உங்கள் பட்ஜெட் போய்விடும். உங்கள் நேரத்துக்கும் ஒரு விலை போட்டுப் பாருங்கள். தையலில் அந்த நேரத்துக்கு எவ்வளவு சம்பாதிப்பீர்கள்? நான் வாடகை வீட்டில் இருப்பவன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறேன். எனக்கு இந்தக் கணக்குதான் ஒத்துவருகிறது.


ஓசூர் பாலா:

//பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம்//

மாடிவீடு சார், ஒரு மணி நேரத்தில் மாட்டலாம் என்பது சரி. எத்தனை தடவை கழற்றி மாட்டலாம் என்பதுதான் கேள்வி. அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சில்லையும் பசை போட்டு அழுத்திய பலகை, மேலே மரக்கலர் காகிதம். திருகாணி ஒருமுறை பிடித்த இடத்தில் மறுமுறை பிடிக்காது. ஓரத்து டேப் பிரிந்து தண்ணீர் உள்ளே போனால் பலகை உப்பிவிடும், அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பாது. வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்கு அதுதான் முதலில் சாகும் சாமான்.

செல்வி அக்கா நிலைமை வேறு. மரம் கையில் இருக்கிறது, இடம் இருக்கிறது. பிள்ளைகள் பத்து வருஷம் அதே மேசையில் படிக்கப் போகிறார்கள். செய்வதுதான் லாபம்.

மரம் பற்றாவிட்டால் பேக்கிங் மரமும் ஒரு வழி. எங்கள் ஓசூரில், சென்னைப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்தில் எல்லாம் இயந்திரங்கள் வரும் பைன் மரப் பெட்டிகளையும் சரக்கு அடுக்கும் பேலட்டுகளையும் உடைத்து விற்பார்கள். மென்மையான மரம், புதிதாகச் செய்பவர் கைக்கு எளிது. வாங்கும்போது பலகையில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பேக்கிங் மரத்துக்கு எல்லாம் கோதுமைக்கதிர் படத்தோடு அந்த முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் வெப்பத்தில் பக்குவம் செய்தது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது, பிள்ளைகள் சாமானுக்கு வேண்டவே வேண்டாம். முத்திரை இருந்தும் எண்ணெய்க் கறை, ரசாயனக் கறை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எதைக் கொட்டிவைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.


கொட்டாப்புளி, கும்பகோணம்:

அம்மா, நாப்பது வருஷம் தச்சு வேலை பாத்தவன். இப்ப கண்ணு கொஞ்சம் மங்கிப்போச்சு, ஆனா மரத்தைப் பத்திச் சொல்லத் தெரியும். புதுசா எதையும் வாங்குறதுக்கு முன்னாடி கொட்டகையில கெடக்குறத வெளிய எடுத்துப் போடுங்க. அம்பது அறுவது வருஷம் ஓட்டுக்கு அடியில கெடந்த மரம் இனிமே சுருங்குறதுக்கு ஒண்ணுமில்ல. புது மரத்துல அந்தக் காய்ச்சல் வரணும்னா காசு குடுத்தாலும் கெடைக்காது.

மொதல்ல ஒரு காந்தத்த நூல்ல கட்டி சட்டம் முழுக்க ஓட்டுங்க. ஓட்டுச்சட்டம்னா ஓடு தாங்குற ரீப்பர் அடிச்ச ஆணி ஒடஞ்சு உள்ளயே இருக்கும். அது தெரியாம மில்லுக்குக் கொண்டுபோனா அவன் பிளேடு போகும், இழைப்புளி வாயும் போகும். அப்புறம் சுத்தியலால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்ல மரம், பொதுக்குன்னு கேட்டா உள்ள கோது. உளி மொனையால அங்கங்க குத்திப் பாருங்க. ஊசித்துளை மாதிரி ஓட்டை இருந்து, அதுக்குக் கீழ மாவு மாதிரி தூள் கொட்டுனா வண்டு இன்னும் உள்ள உசுரோட இருக்குன்னு அர்த்தம். அந்தச் சட்டத்த மத்ததோட சேத்து வைக்காதீங்க.

தேக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க, ஒரு ஓரத்துல மேல்தோலச் சீவிட்டு மோந்து பாருங்க. தேக்குல தோல் சாமான் வாசம் வரும், தொட்டா வழவழன்னு எண்ணெய்ப் பசை தெரியும். உங்க பக்கத்து ஓட்டு வீட்டுல வேங்கையும் நெறயப் போட்டிருப்பாங்க. சீவுன தூளக் கொஞ்சம் கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டு ராத்திரி வைங்க. காலையில தண்ணி டீத்தண்ணி கலருக்கு மாறி, வெளிச்சத்துல பாத்தா ஓரத்துல நீலம் அடிச்சா அது வேங்கை. பாத்துட்டு எழுதுங்க.


கரிசல் செல்வி:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். காந்தம் பல இடங்களில் ஒட்டியது. குறட்டால் பிடுங்க முடிந்ததைப் பிடுங்கிவிட்டோம், உடைந்து உள்ளே இருப்பதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சட்டங்கள் நாலங்குலத்துக்கு மூன்றங்குலம், நீளம் ஏழடிக்குப் பக்கம். டம்ளர் தண்ணீர் காலையில் பழுப்பாக இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் மயில்கழுத்து நீலம். பிள்ளைகள் இரண்டு பேரும் டம்ளரைவிட்டு நகரவே இல்லை. வேங்கைதான் என்று எடுத்துக்கொள்கிறேன். மாமனாரிடம் சொன்னேன், வேங்கை என்றால் தேக்கைவிடக் கனம், நல்லதுதான் என்றார்.

இரண்டு சட்டத்தில் மட்டும் மாவுத்தூள் கொட்டுகிறது. தனியாக எடுத்து வைத்துவிட்டேன். கதவு கெட்டியாக இருக்கிறது, பெயின்டைச் சுரண்டிவிட்டு மேசைப் பலகையாகப் போடலாமா?


பாளை டீச்சர்:

செல்வி, கதவைத் தொடாதே அம்மா. நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. பழைய எண்ணெய் பெயின்டில் ஈயம் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் அது கூடுதலாகவே இருக்கும். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் போகக்கூடாது என்று விதி வந்ததே 2016இல்தான், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உப்புத்தாள் போட்டால் தூள் காற்றில் பரவித் தரையில் படியும், கை வழியாகப் பிள்ளைகள் வாய்க்குப் போகும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், இதில் இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை. பெயின்டை எரித்து எடுப்பது இன்னும் மோசம். கதவை உரிக்காமல் கதவாகவே கொட்டகைக்குப் போடு. அதை விறகாகவும் எரிக்க வேண்டாம்.

வண்டு விழுந்த சட்டத்துக்கு: போராக்ஸும் போரிக் அமிலமும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் எடுத்து, இரண்டும் சேர்ந்து 100 கிராம் வரும்படி ஒரு லிட்டர் வெந்நீரில் கரை. பிரஷ்ஷால் தாராளமாகப் பூசு, காய்ந்ததும் மறுபடி பூசு. வெட்டி முடித்த பிறகு, பாலிஷுக்கு முன்னால் பூச வேண்டும். பாலிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. கையுறை போட்டுக்கொள், மிச்சக் கரைசலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வை. ஆனால் இது மேலோட்டமாகத்தான் இறங்கும், நடுச்சட்டத்தில் இருக்கும் புழுவைக் கொல்லாது. நல்ல சட்டம் இத்தனை இருக்கும்போது அந்த இரண்டையும் மேசைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.


வல்லையூரான், யாழ்ப்பாணம்:

வணக்கம் அக்கா. வேம்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதுதான் எழுதுறன். எங்கட பக்கம் வேம்பில தளபாடம் செய்யிறது வழமைதான். கதிரை, மேசை, கட்டில் எல்லாம் செய்வினம். நல்லா வைரம் பாய்ஞ்ச வேம்பு கனகாலம் நிக்கும். ஆனா வேம்பெண்டா பூச்சியே வராது எண்டு நினைக்கக் கூடாது. வெளிப்பக்கத்து வெளிறைப் பூச்சி அரிக்கும். நடுவில இருக்கிற செம்மை நிற வைரத்தை மட்டும் எடுங்கோ.

ஐப்பசியில விழுந்தது எண்டால் இன்னும் ஈரம் காயாது. அதைத் தடியாவே விட்டால் வெடிச்சுப் போகும். இப்பவே பலகையா அரிஞ்சு அடுக்கி வைச்சால் அடுத்த வருசத்துக்கு உதவும்.


கொட்டாப்புளி:

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. இந்த ஜூனுக்கு வேம்ப மறந்துடுங்கம்மா. பச்ச மரத்துல மேசை செஞ்சா சித்திரை வெயிலுக்கு இணைப்பெல்லாம் வாயப் பொளந்துடும். மில்லுல குடுத்து ஒன்னேகால் அங்குலப் பலகையா அறுத்துட்டு, ரெண்டு மொனையிலயும் கெட்டியா மெழுகோ மிச்சம் மீதி பெயின்டோ பூசுங்க. மொனை வழியாத்தான் ஈரம் சீக்கிரம் ஓடும், வெடிப்பும் அங்கதான் ஆரம்பிக்கும். நெழல்ல, தரையில படாம, ரெண்டு பலகைக்கு நடுவுல ஒரே கனமான குச்சிய ரெண்டடிக்கு ஒண்ணா வச்சு அடுக்குங்க. குச்சி ஒண்ணுக்கு நேர் மேல ஒண்ணு வரணும், தப்புனா பலகை நெளிஞ்சுடும். மேல கருங்கல்லு ஏத்துங்க. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம்னு கணக்கு. உங்க கரிசக்காட்டுக் காத்துக்கு அதுக்கு முன்னாடியும் காயலாம்.

இப்ப மேசைக்கு வருவோம். நாலடி நீளம், ரெண்டடி அகலம் போதும். கன அடிக் கணக்கு தெரிஞ்சா யாரும் ஏமாத்த முடியாது: நீளத்த அடியில, அகலத்தையும் கனத்தையும் அங்குலத்துல எடுத்து மூணையும் பெருக்கி 144 ஆல வகுங்க. உங்க நாலுக்கு மூணு, ஏழடிச் சட்டம் ஒண்ணு 84 வகுத்தல் 144, அரைக் கன அடிக்குக் கொஞ்சம் மேல. மேசைக்கு ரெண்டரைக்கு ரெண்டரை அங்குலத்துல நாலு கால், நாலங்குலத்துக்கு ஒரு அங்குலம் குறுக்குச்சட்டம் நாலு, ஒரு அங்குல மேல்பலகை எல்லாம் சேத்தா ஒன்னரைக்குச் சத்தே கொறையும். அறுக்குற சேதாரம் கால் பங்கு சேத்தா ஒன்னேமுக்கால் கன அடி. நாலு சட்டம் எடுத்தா முடிஞ்சுது. இதையே வெளிய கன அடி ஆயிரத்தைந்நூறுன்னு வாங்குனாக்கூட ரெண்டாயிரத்து அறுநூறுக்கு மேல ஆயிருக்கும்.

ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எல்லாத்தையும் நீங்களே செய்ய நெனைக்காதீங்க. வேங்கை இரும்பு மாதிரி, மரத்தோட ஓட்டம் குறுக்கும் நெடுக்கும் போகும், புதுக் கை இழைச்சா பிச்சுக்கிட்டு வரும். சட்டத்த அறுத்து இழைக்கிறத மில்லுல குடுங்க. காலுல துளை தோண்டி, குறுக்குச்சட்ட மொனையை நாக்கு மாதிரி செதுக்கிச் சொருகுற வேலைக்கு உள்ளூர் ஆசாரி ஒருத்தர ரெண்டு நாள் கூப்பிடுங்க. நாக்கு மூணு நூல் கனம் (எட்டு நூல் ஒரு அங்குலம்), ஒன்னரை அங்குல நீளம். கூட நின்னு பாருங்க. இழைப்புக்குப் பின்னாடி வர்ற தேய்ப்பு, பூச்சு எல்லாம் உங்க வேலை. ஒரு மேசையில கூலி பாதி அதுக்குத்தான் போகுது, அதுக்கு வேண்டியது பொறுமைதான். தையக்காரங்களுக்கு அது இல்லாமலா?

ஆணியடிச்சு முடிச்சுடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பிள்ளைங்க மேசைய இழுப்பாங்க, ஏறி உக்காருவாங்க. சொருகுன இணைப்புதான் தாங்கும்.


ஓசூர் பாலா:

ஐயா சொன்ன மேசைத் திட்டத்துக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று, மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கிவிட வேண்டாம். எவ்வளவு பழைய மரமானாலும், நீளவாக்கில் அசையாவிட்டாலும் அகலவாக்கில் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். ரெண்டடி அகலத்தில் இரண்டு நூல் வரை ஆடலாம். எல் வடிவ பட்டியில் நீள்துளை இருப்பதாக வாங்கி, அந்தத் துளையில் திருகாணி போடுங்கள், பலகை நகர இடம் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் முடிந்ததும் பலகை நடுவில் பிளக்கும்.

அலமாரிக்கும் பெஞ்சுக்கும் ப்ளைவுட் எடுங்கள். 18 எம்.எம்., எட்டுக்கு நாலடி ஷீட் ஒன்று போதும். ஐ.எஸ். 303 முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) தரம் பாருங்கள். ஐ.எஸ். 710 மரைன் ப்ளை சமையலறைக்கு வேண்டும், புத்தக அலமாரிக்கு அந்தக் காசு வீண்.

வெட்டுக் கணக்கு: ஷீட்டை நீளவாக்கில் 11 அங்குலப் பட்டைகளாக நாலு அறுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு பட்டையில் ஒவ்வொன்றிலும் அஞ்சடிப் பக்கப்பலகை ஒன்று, இரண்டரையடித் தட்டு ஒன்று. மூன்றாவதில் இரண்டரையடித் தட்டு மூன்று. இதோடு அலமாரி முடிந்தது: பக்கம் இரண்டு, தட்டு அஞ்சு. நாலாவது பட்டையைச் சரிபாதியாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினால் 36 எம்.எம். கனத்தில் நாலடி பெஞ்சுப் பலகை. ஷீட் வாங்கும் கடையிலேயே மெஷினில் அறுத்துத் தருவார்கள். கை ரம்பத்தில் எட்டடி நேராக அறுப்பது யாருக்கும் கஷ்டம்.

தட்டு இரண்டரையடிக்கு மேல் நீளம் போனால் புத்தகப் பாரத்துக்கு நடுவில் தொய்யும். முன்விளிம்பில் ஒன்றரை அங்குல மரப்பட்டை ஒட்டினால் தொய்வும் நிற்கும், ப்ளையின் ஓரமும் மறையும். வேங்கை மீதியையே அதற்கு எடுக்கலாம். அலமாரியைக் கட்டாயம் சுவரோடு எல் க்ளாம்ப் போட்டுப் பிடித்துவிடுங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் மேல்தட்டுப் புத்தகத்துக்குக் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறுவான், அலமாரி அவன்மேல் சாயும்.


மாடிவீடு:

பாலா சார், பார்ட்டிகிள் போர்டு பற்றிச் சொன்னது உறைத்தது. என் பெண்ணின் மேசை ஓரம் உப்பியிருப்பதை இப்போதுதான் போய்த் தடவிப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கிறேன்: பால்கனி மட்டும் உள்ள வீட்டில் இந்த அலமாரி சாத்தியமா?


ஓசூர் பாலா:

தாராளமாக. கடையில் அறுத்து வாங்கினால் வீட்டில் மிச்சம் இருப்பது துளை போடுவது, பசை, திருகாணி, தேய்ப்பு மட்டும்தான். திருகாணிக்கு முன்னால் அதைவிடச் சன்னமான துளை கட்டாயம், இல்லாவிட்டால் ப்ளையின் அடுக்கு பிளக்கும். பசை ஒட்டியதும் இறுக்கிப் பிடித்து ஒரு நாள் விட்டுவிடுங்கள், வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். துடைக்காத இடத்தில் பாலிஷ் பிடிக்காமல் வெள்ளையாகத் தெரியும்.


கரிசல் செல்வி:

ஆசாரி அண்ணன் வந்து இணைப்பெல்லாம் சொருகிக் கொடுத்துவிட்டார். மேசை இப்போது அசையாமல் நிற்கிறது, வெறும் மரமாக. தேய்க்க ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். பெயின்ட் கடையில் பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ்தான் இப்போது எல்லாரும் அடிக்கிறார்கள், கண்ணாடி மாதிரி இருக்கும் என்கிறார்கள். விலையைக் கேட்டால் மரம் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசு அதற்கே போய்விடும் போலிருக்கிறது.


கொட்டாப்புளி:

அம்மா, தேய்ப்புதான் பாதி பாலிஷ். 80ம் நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிங்க, மெஷின் இழைச்ச வரிக்கோடு மறையுற வரைக்கும். அப்புறம் 120, 180, கடைசியா 220. நடுவுல ஒரு நம்பர விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவுனா மொத நம்பரோட கீறல் பாலிஷுக்கு அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. எப்பவும் மரம் ஓடுற வாக்குலயே தேய்ங்க. தாளக் கையில சுருட்டிப் புடிக்காம சின்னக் கட்டையில சுத்திப் புடிங்க, இல்லன்னா குழி விழும். எதிர் ஓட்டத்துல பிசிறு நிக்கிற எடத்துல கண்ணாடித் துண்டோட நேர் ஓரத்த வச்சுச் சாய்ச்சுச் சொரண்டுங்க, சுருள் சுருளா சன்னமா வரும். உப்புத்தாளுக்கு வராத பிசிறும் அதுல போயிடும். துண்டத் துணியில சுத்தித்தான் புடிக்கணும், பிள்ளைங்க பக்கத்துல வரக்கூடாது. 180 முடிஞ்சதும் ஈரத்துணியால ஒரு தடவ தொடச்சுக் காய விடுங்க. மரத்தோட ரோமம் எந்திரிச்சு நிக்கும், 220 போட்டா அது போயிடும். வெடிப்பு இருந்தா அதே வேங்கைத்தூளப் பசையில பெசஞ்சு அடைங்க.

பூச்சுக்கு எங்க காலத்துல அரக்குதான். இன்னிக்கும் எனக்கு அதுக்கு மேல ஒண்ணு இல்ல. அவல் மாதிரி சில்லு சில்லா இருக்குற அரக்க ஸ்பிரிட்டுல ஊற வச்சு, துணிக்குள்ள பஞ்ச வச்சுக் கட்டி, அதுல தொட்டுத் தொட்டுத் தடவுனா மரம் உள்ளேர்ந்து வெளிச்சம் அடிக்கும்.


பாளை டீச்சர்:

ஐயா, அரக்கு பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லது, அதை நானும் சொல்வேன். பூச்சி சுரக்கும் பிசின் அது, ஜார்க்கண்ட் பக்கம் பலாச மரத்திலும் இலந்தையிலும் வளர்த்து எடுக்கிறார்கள். மாத்திரைக்கு மேல்பூச்சாகவே போகிறது. ஸ்பிரிட் ஆவியான பிறகு பயப்பட எதுவுமில்லை. ஆனால் படிப்பு மேசையில் பிள்ளைகள் சூடான பால் டம்ளரை வைப்பார்கள், தண்ணீர் பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். அரக்கு சூடு தாங்காது, தண்ணீர் நின்றால் வெள்ளை வட்டம் விழும். அதனால் அரக்கை அடிப்பூச்சாக வைத்து, மேல்பலகைக்கு மட்டும் அதன்மேல் வார்னிஷ் போடலாம்.

வேங்கைக்கு இந்த அடிப்பூச்சு அவசியமும்கூட. செல்வி டம்ளரில் பார்த்தாளே, அந்தச் சாயம் ஈரம் பட்டால் மரத்திலிருந்து வெளியே வரும். வேர்த்த முழங்கையை ஊன்றி எழுதினால் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை. அரக்கு அதை உள்ளேயே அடைத்துவிடும்.

ரெண்டு கலவை சேர்த்து அடிக்கும் பி.யு.வை வீட்டில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம். அதன் ஹார்டனரில் (இறுகவைக்கச் சேர்க்கும் இரண்டாவது கலவையில்) ஐசோசயனேட் இருக்கிறது, சுவாசித்தால் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. தகுந்த முகக்கவசத்தோடு பட்டறையில் செய்ய வேண்டிய வேலை அது.


ஓசூர் பாலா:

டீச்சர் சொன்னதில் சின்னத் திருத்தம். சாதாரண அரக்கில் மெழுகு இருக்கும், அதன்மேல் பி.யு. வார்னிஷ் சரியாக ஒட்டாமல் தோல் உரிகிற மாதிரி உரியும். மெழுகு நீக்கிய அரக்கு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கரைசலைப் பாட்டிலில் சில நாள் அசைக்காமல் வைத்தால் மெழுகு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளலாம்.

வார்னிஷ் ஒரு டப்பா வகை, பிரஷ்ஷில் அடிப்பதாக வாங்குங்கள். முதல் கோட்டுக்குக் கொஞ்சம் டர்பன்டைன் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். கெட்டியாக ஒரு கோட்டைவிடச் சன்னமாக மூன்று கோட் எப்போதும் நல்லது. கோட்டுக்குக் கோட்டு முழுதாகக் காய்ந்ததும் 320 தாளால் லேசாக ஒரு தடவல், தூசியைத் துடைத்துவிட்டு அடுத்தது. மேசையின் அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மேலே மட்டும் அடைத்தால் அடிவழியாக ஈரம் ஏறிப் பலகை வளையும்.


கொட்டாப்புளி:

பாலா தம்பி சொன்ன தெளிவு எடுக்குற பழக்கம் எங்க பட்டறையிலயும் உண்டு, சரிதான். மழை மேகம் போட்டிருக்குற அன்னிக்கு மட்டும் அரக்கு வேல வேணாம். காத்துல ஈரம் இருந்தா பூச்சு வெளுத்துப் பால் மாதிரி படலம் கட்டும். சாத்தூருக்கு இந்தக் கோடை கொடுத்து வச்சது.

பெஞ்சு காலுக்கும் அலமாரிக்கும் வார்னிஷ் தேவையில்ல. ப்ளைக்கு அரக்கு மட்டும் ரெண்டு மூணு கை போதும். பெஞ்சு உக்காருற எடத்துக்கு வேணும்னா ஆளி எண்ணெய் பூசலாம்.


பாளை டீச்சர்:

ஆளி எண்ணெய் என்று ஐயா சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன். கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். பூசி இருபது நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுவென்றே நிற்கும். ஆனால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக்கூடாது. இந்த எண்ணெய் காய்வது தண்ணீர் மாதிரி ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து. அப்போது சூடு உண்டாகும். விரித்துப் போட்ட துணியில் சூடு வெளியே போய்விடும். கசக்கிய துணியில் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போய், யாரும் நெருப்பு வைக்காமலே தானாகப் பற்றிக்கொள்ளும். மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் வேறு இருக்கும். துணியை உடனே தண்ணீர் வாளியில் முக்கு, பிறகு வெட்டவெளியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடு. வார்னிஷ் துடைத்த துணிக்கும் இதையே செய்.


கரிசல் செல்வி:

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மூன்றும் முடிந்துவிட்டன. எண்ணெய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், டீச்சர் சொன்னதைப் படித்த பிறகு கொட்டகைப் பக்கம் அதை வைக்க மனம் வரவில்லை. பெஞ்சுக்கும் அரக்குதான்.

மேசைக்கு அரக்கு முதல் கை இழுத்தபோது நடந்ததை எழுதியே ஆக வேண்டும். அதுவரை சாம்பல் கலந்த பழுப்பாகக் கிடந்த பலகையில் துணி போன பாதையெல்லாம் செம்பொன் நிறம் எழுந்து வந்தது. ஒரு சட்டத்தில் ஆணி இருந்த இடத்தைச் சுற்றி இரும்புக்கறை கருநீலமாக ஓடியிருக்கிறது, அதைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிட்டேன். மாமனார் வந்து அந்தக் கறைமேல் விரலை வைத்து, இது நடுக்கூடத்துச் சட்டம் என்றார்.

செலவு: ப்ளைவுட் 2,750, ஆசாரி கூலி இரண்டு நாளைக்கு 2,400, மில்லில் அறுத்து இழைக்க 500, அரக்கும் ஸ்பிரிட்டும் 600, வார்னிஷ் 500, பசை 300, உப்புத்தாள் 250, திருகாணியும் பட்டிகளும் 400. ஆக 7,700. மரத்துக்குக் காசு இல்லை. மாடிவீடு சார் கேட்ட நேரக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். தையல் ஆர்டர் குறைவான மாதம்தான், ஆனாலும் கூலியாகப் பார்த்தால் பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு வேங்கை மேசை கடையில் கிடைக்காது என்பதுதான் கணக்கு.

வேம்பை அறுத்து, முனையில் மெழுகு பூசி அடுக்கியாகிவிட்டது. ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. மேசை 27 அங்குல உயரம், பெஞ்சு 16. பெரியவளுக்குக் கச்சிதம். சின்னவனுக்கு மேசை நெஞ்சுக்கு வருகிறது, தோளைத் தூக்கி எழுதுகிறான். காலை வெட்டிக் குறைக்கலாமா?


கொட்டாப்புளி:

காலை வெட்டாதீங்க தாயி, அவன் வளந்துடுவான். அவன் உக்காருற பக்கம் ரெண்டங்குலக் கனத்துக்கு மணைப்பலகை ஒண்ணு போடுங்க, நழுவாம இருக்க அடியில ரெண்டு குச்சி ஆணியடிச்சு பெஞ்சு ஓரத்தப் புடிக்கிற மாதிரி வைங்க. அப்ப கால் தொங்கும். தொங்குனா தொடை வலிக்கும், ஆட்டிக்கிட்டே இருப்பான். மேசைக்காலுக்குக் குறுக்க, தரையிலேர்ந்து அஞ்சங்குலத்துல ஒரு மிதிச்சட்டம் திருகாணி போட்டு மாட்டுங்க, பசை வேணாம். வருஷா வருஷம் அவன் வளர வளர எறக்கிக்கலாம், மணையையும் இழைச்சு இழைச்சுச் சன்னமாக்கிக்கலாம்.

பெஞ்சு கால் ரெண்டு மொனையிலேர்ந்தும் ஆறங்குலத்துக்குள்ள இருக்கான்னு பாத்துக்குங்க. உள்ள தள்ளி இருந்தா ஒருத்தர் எந்திரிச்சதும் மொனையில உக்காந்திருக்குறவன் கவுந்துடுவான். வேம்பு அடுக்க மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவ பிரிச்சு, மேல இருந்தத அடியிலயும் அடியில இருந்தத மேலயும் மாத்தி அடுக்குங்க. கட்டில் அளவு வேணுங்குறப்ப இங்கயே எழுதுங்க.